வாங்க என்று கேட்டவள்

குளிர்சாதன அறைக்குள் வௌவால் புழுக்கை நாறியது.

அந்த அறையில் எதுவுமே நாறக் கூடாது. வெற்றிலை போட்டவன் உள்ளே வரக் கூடாது, பூ வைத்தவள் அதை வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். செருப்பை வெளியே விட்டு, மிதியடியில் காலைத் துடைத்து, சாமி அறைக்குள் போவதுபோலத்தான் எல்லோரும் போனார்கள். கல்லல் சாலையில் இருந்த அந்த நூல் மில்லில் நூற்றுக்கணக்கான பேர் பஞ்சுத் தூசியை மூக்கில் வாங்கிக்கொண்டு வெந்துகொண்டிருக்க, பீரோ உயரத்தில் நின்ற ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் ஐப்பசி மழையிலும் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்பதாம் வருஷத்தில் காரைக்குடிப் பக்கம் அப்படி ஒன்று இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் அது ஜோசியம் சொல்லுமா என்று கேட்டார்கள்.

வீரலட்சுமி அந்த மெஷினின் ஆபரேட்டர். கணக்கில் பட்டம் வாங்கியவள், மெட்ராஸில் பயிற்சி எடுத்தவள், மில்லில் விசிறிக்காற்று கூடத் தேவைப்படாத ஒரே பெண்பிள்ளை என்று மற்றவர்கள் வயிறெரிந்தார்கள். மெஷின், பம்பாயில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துக் கட்டியது. கூடவே ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய டேப்புகளும் வந்திருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, உதவுவதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும்படி மேலாளர் சுந்தரம் சொல்லியிருந்தார். பெட்டியின் அடியில் கிடந்த கடைசி டேப்பின் மூடியைத் திறந்தபோதுதான் அந்த வாடை கிளம்பியது. வௌவால் புழுக்கை, ஈரச் சுண்ணாம்பு, பல காலம் காற்றுப் படாத மரம், எல்லாம் கலந்த வாடை.

அந்த வாடை அவளுக்குப் புதிதல்ல. தினமும் ராத்திரி அதை முகர்ந்துகொண்டுதான் தூங்குகிறாள்.

அவள் குடியிருந்தது ஒரு பழைய செட்டியார் வீட்டின் பின்கட்டில். கிழக்குத் தெருவில் தலைவாசல், மேற்குத் தெருவில் கொல்லைவாசல் என்று ஒரு தெருவிலிருந்து மறுதெரு வரை நீண்டு கிடக்கும் வீடு. சொந்தக்காரர்கள் மலேயாவில் ஒருவர், மெட்ராஸில் ஒருவர் என்று பிரிந்து போய்விட, முன்கட்டும் நடுக்கட்டும் பூட்டியே கிடந்தன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வீரையா பின்கட்டை மட்டும் வாடகைக்கு விட்டார். நடுக்கட்டுக்கும் பின்கட்டுக்கும் இடையில் ஒரு பெரிய கதவு. அதன் மேல்தாழ்ப்பாள் என்றைக்கோ உடைந்துவிட்டது. கீழ்த்தாழ்ப்பாள் மட்டும் இருந்தது. அவளும் புருஷன் ஆசைத்தம்பியும் சேர்ந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்து அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கதவின் அடியிடுக்கு வழியாகத்தான் இந்த வாடை வரும்.

டேப்பை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் இன்னொரு தடவை முகர்ந்தாள். அதேதான்.

'எலி செத்திருக்கும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு டேப்பை மாட்டினாள். சக்கரங்கள் சுழன்றன. அந்த மெஷினுக்குத் திரை கிடையாது. தட்டச்சு மெஷின் மாதிரி ஒரு டெலிடைப் இருக்கும். மனுஷர் அடிப்பதையும் மெஷின் சொல்வதையும் ஒரே தாள்சுருளில் மாறி மாறிப் பதித்துக்கொண்டே போகும். எல்லாம் ஆங்கிலம். வீரலட்சுமிக்கு ஆங்கிலம் கண்ணில் பட்டவுடன் உள்ளே தமிழாகத்தான் ஓடும்.

"நீ ஒரு பெரிய கதவுக்கு முன்னால் நிற்கிறாய்" என்று டெலிடைப் அடித்தது. "கதவு பூட்டியிருக்கிறது. சாவி உன் காலடியில் கிடக்கிறது. என்ன செய்யப் போகிறாய்?"

விளையாட்டு! மெட்ராஸ் பயிற்சியில் ஒரு பையன் இதைப் பற்றி வாய் ஓயாமல் பேசியிருக்கிறான். குகை, பாதாள அறை, புதையல் என்று மெஷின் வர்ணித்துக்கொண்டே போகும்; நாம் ஒன்றிரண்டு வார்த்தையில் கட்டளை அடிக்க வேண்டும்; எதிரே வருகிறதைக் கொன்றால் மதிப்பெண். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சம்பளச் சீட்டு அடிக்கிற மெஷினுக்குள் இப்படி ஒரு கோமாளித்தனமா!

கதவைத் திறந்து, பஞ்ச் கார்டில் துளை போடும் முத்தழகு தலையை நீட்டினாள். "அக்கா, எல்லாரும் கெளம்பியாச்சு. மழை கட்டிக்கிட்டு நிக்கிது, வரலையா?"

"நீ போ முத்தழகு. இந்த ஒரு டேப்பப் பாத்துட்டு வாரேன்."

"உள்ள என்னமோ வாடை அடிக்கிதுக்கா."

"ஆமா, இந்தப் பெட்டிதான்."

முத்தழகு மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவள் கொலுசுச் சத்தம் நடையில் தேய்ந்து போனது. பிறகு ஏ.சி.யின் உறுமல் மட்டும் மிஞ்சியது.

'சாவியை எடு' என்று அடித்தாள். 'கதவைத் திற' என்று அடித்தாள்.

"கதவு திறக்கிறது. உள்ளே இருட்டு. ஒரு விளக்கும் ஒரு கத்தியும் இருக்கின்றன. கதவுக்கு உட்புறம் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். கறுத்த ஆள். மடியில் அரிவாள். 'திரும்பிப் போ' என்கிறான். என்ன செய்யப் போகிறாய்?"

அன்றைக்குக் காலையில்தான், யாரோ தப்பாகக் கொடுத்த கணக்குக்காக, சுந்தரம் அவளை அத்தனை பேர் முன்னாலும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். அந்தச் சூடு இன்னும் அவளுக்குள் ஆறவில்லை. யாரையாவது வெட்டினால் தேவலை என்றுதான் இருந்தது. விளக்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டாள். 'காவல்காரனைக் கொல்' என்று அடித்தாள்.

"அவன் அரிவாளை எடுக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாய்கிறான். உனக்குப் பத்து மதிப்பெண்."

'அவ்வளவுதானா?' என்று நினைத்தாள். மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது உண்மை.

அடுத்த கதவில் ஒரு நாய். "நாய் குரைக்கிறது. உன்னைப் பார்த்து இல்லை. உன் முதுகுக்குப் பின்னால் பார்த்துக் குரைக்கிறது."

அதையும் கொன்றாள். இன்னும் பத்து. தாள்சுருள் மெல்ல மெல்ல மேசைக்குப் பின்னால் இறங்கித் தரையில் மடிந்தது. வெளியே இடி உருண்டது. ஜன்னலே இல்லாத அறை என்பதால் மழை பெய்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வாடை குறைந்தபாடில்லை, டேப் சுற்றச் சுற்ற அதிகமாகிக்கொண்டே இருந்தது.

"நீ ஒரு வளவுக்குள் நிற்கிறாய்" என்றது மெஷின். "நடுவில் வானம் தெரிகிறது. நாலு பக்கமும் தூண்கள். வடக்கிலும் தெற்கிலும் வரிசையாகப் பூட்டிய அறைகள். மூன்றாவது தூணில் விரிசல். அதற்கு இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். கயிறு அறுந்த ஊஞ்சல் ஒன்று. சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஒரு நிலைக்கண்ணாடி."

விசைமீது இருந்த விரல்கள் நின்றுவிட்டன.

குடி வந்து பால் காய்ச்சிய அன்று வீரையா அந்த நடுக்கதவை ஒரே ஒரு தடவை திறந்து காட்டியிருந்தார். "அங்குட்டு ஒண்ணும் இல்லத்தா, சும்மா பாத்துக்கங்க" என்றார். அப்போது அவள் பார்த்தது இதைத்தான். இரும்புப் பட்டை போட்ட தூண். அறுந்த ஊஞ்சல். முகத்தைத் திருப்பிக்கொண்ட கண்ணாடி.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். பால் காய்ச்சியதற்கு சுந்தரமும் வந்திருந்தார். அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். இந்த மெஷினில் புரோகிராம் எழுதத் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். காலையில் மானத்தை வாங்கியது போதாதென்று இப்படி ஒரு கூத்தா? செத்த எலியை டேப் டப்பாவுக்குள் போட்டு வைக்கவும் தயங்காத ஆள்தான்! இந்தத் தாளை அப்படியே கிழித்து நாளைக்கு அவர் மேசையில் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று முடிவு செய்தாள். ஆட்டத்தின் கடைசி வரை போய்விட வேண்டியதுதான்.

சுந்தரத்தால் வந்த இன்னொரு வினையும் அவளுக்கு ஞாபகம் வந்தது. போன வாரம் ஏதோ சாவி வாங்க வீட்டுக்கு வந்தவர், வாசலில் நின்றார். ஐந்து வயது மகள் கண்ணாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே ஓடிவிட்டாள். "என்னம்மா, ஒங்க மக வாங்கன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேங்குறா" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பக்கத்தில் அது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. பகையாளியே வந்து வாசலில் நின்றாலும் வாங்க என்று கேட்காத வீட்டை வீடென்றே எண்ண மாட்டார்கள். வீரலட்சுமிக்கு முகம் சுருங்கிப் போனது. அவர் போனதும் பிள்ளையின் தொடையில் சிவக்கச் சிவக்கக் கிள்ளினாள்.

"தெரிஞ்சவுகளோ தெரியாதவுகளோ, வாசல்ல ஆளு நின்னா வாங்கன்னு கேக்கணும். கேப்பியா?"

"யாரு வந்தாலுமாம்மா?" அழுகைக்கு நடுவில் பிள்ளை கேட்டது.

"யாரு வந்தாலும்!"

இப்போது தோன்றியது, சின்னப் பிள்ளையைப் போய் அப்படிக் கிள்ளியிருக்க வேண்டாம். இன்றைக்குச் சீக்கிரம் போய்ப் பிள்ளைக்குப் பணியாரம் சுட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். புருஷனுக்குக் கல்லல் ரயில்வே ஸ்டேஷனில் மாலை வேலை. துணைக்கு இருக்கும் சோணையம்மாள் கண்ணாத்தாளைப் பார்த்துக்கொள்வாள். இன்னும் கொஞ்சம் நேரந்தான்.

'மேற்கே போ' என்று அடித்தாள்.

"ஒரு கதவு. அந்தப் பக்கம் தாழிட்டிருக்கிறது. கதவுக்கு அப்பால் அரிசி வேகிற மணம். யாரோ ஒரு குழந்தை சிலேட்டில் எழுதுகிற சத்தம் கேட்கிறது."

ஏ.சி. உறுமிக்கொண்டே இருந்தது. அவள் அந்த வரியைத் திரும்பவும் படித்தாள். சுந்தரத்துக்கு இது எப்படித் தெரியும்? கண்ணாத்தாளுக்கு சிலேட்டு வாங்கிக் கொடுத்தது முந்தாநாள். அந்த டேப் பெட்டி வந்து மாசக்கணக்காகிறது. பெட்டியின் ஆணியை இன்று காலை பிடுங்கியதே அவள்தான்.

கழுத்துக்குப் பின்னால் மயிர் கூச்செறிந்தது. ஏ.சி.தான், வேறொன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவள் சொன்னதை அவளே நம்பவில்லை.

'திரும்பிப் பார்' என்று அடித்தாள்.

டெலிடைப் உடனே பதில் சொல்லவில்லை. டேப் முன்னும் பின்னும் ஓடி எதையோ தேடியது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக அடித்தது.

"நீ திறந்த கதவுகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. தலைவாசல் வரைக்கும் தெரிகிறது. தலைவாசல் படிக்கு வெளியே ஒருத்தி நிற்கிறாள். தலை நனைந்திருக்கிறது. கையில் ஒன்றும் இல்லை. அவள் படியைத் தாண்டவில்லை. உன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன செய்யப் போகிறாய்?"

'அவளைக் கொல்.'

"கத்தி அவ்வளவு தூரம் எட்டாது."

'கதவைச் சாத்து.'

"கதவைச் சாத்துவது காவல்காரன் வேலை."

'வெளியே போ.'

"வழியில் அவள் நிற்கிறாள்."

'ஆட்டத்தை முடி' என்று அடித்தாள். அந்தக் கட்டளைக்கு எந்த மெஷினும் கட்டுப்பட வேண்டும்.

"ஒருத்தி வாசலில் நிற்கிறாள்" என்றது மெஷின். "என்ன செய்யப் போகிறாய்?"

டேப்பைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். அதைச் செய்ய அவளுக்குத் தோன்றவில்லை. இந்த மாதிரி ஆட்டங்களில் ஒரு சரியான வார்த்தை ஒளிந்திருக்கும், அதைச் சொல்லிவிட்டால் தடை விலகிவிடும் என்று அந்த மெட்ராஸ் பையன் சொல்லியிருந்தான். ஒருத்தி வாசலில் நிற்கிறாள், நம் வாயையே பார்க்கிறாள், படி ஏறவில்லை. இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அந்த ஊரில் பிறந்த எவரும் யோசிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதுதான் ஒரு கணம் இடித்தது. பிறகு தமிழ் வார்த்தையையே ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டாள்.

'வாங்க.'

பம்பாயிலிருந்து வந்த மெஷினுக்கு அது புரியப் போவதில்லை. விளங்கவில்லை என்று ஏதாவது அடிக்கும், சிரித்துவிட்டு எழுந்து போகலாம் என்றுதான் விரலை எடுத்தாள்.

டேப் நின்றது. ஏ.சி.யும் நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு நிசப்தத்தை அந்த அறையில் அவள் கேட்டதே இல்லை.

டெலிடைப் அடித்தது. ஆங்கில எழுத்துதான். வார்த்தை தமிழ்.

"வாரேன்."

நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. அவள் எழுந்துவிட்டாள் என்பது அப்புறம்தான் அவளுக்கே தெரிந்தது. விசைப்பலகையில் யார் கையும் இல்லை. டேப் சுற்றவில்லை. தாள் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

"மொதக் கதவு தெறந்துதான் கெடக்கு. நீதான் தெறந்த."

"காவக்காரன் இல்ல. நீதான் வெட்டுன."

"நாயி இல்ல. நீதான் வெட்டுன."

"வளவத் தாண்டியாச்சு. கண்ணாடி இங்குட்டுத் திரும்பிக்கிருச்சு."

"போதும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "போதும், போதும்." 

"கடேசிக் கதவு. தட்டுறேன். உள்ள புள்ள இருக்கு. எழுதிக்கிட்டு இருந்தது நிப்பாட்டிருச்சு. கதவுப் பக்கம் திரும்புது. வாயத் தெறக்..."

மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டாள்.

இருட்டு. அந்த வாடை.

நிறுத்தியிருக்கக் கூடாது என்று அந்த இருட்டில்தான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை வாயைத் திறந்து என்ன சொன்னது? இனி அதைச் சொல்ல மெஷினும் இல்லை. என்ன சொல்லியிருக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே.

ஓடினாள்.

செருப்பு வெளியே கிடந்தது. அதை மாட்டத் தோன்றவில்லை. மழை விட்டு, மில் வளாகம் முழுக்கச் செந்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. விளக்கு வைக்கிற நேரம். வாசல் கூண்டிலிருந்து வாட்ச்மேன் கருத்தையா எழுந்து வந்தார்.

"என்னத்தா, செருப்புக்கூடப் போடாம ஓடுறீக? வீட்டுல எதும் ஆகிப்போச்சா?"

அவரைத் தாண்டி ஓடினாள். சாலை. புளியமரங்கள். ரயில்வே கேட். காலில் ஏதோ குத்தியது. கண்ணாத்தா, கண்ணாத்தா என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. நாட்டரசன்கோட்டை அம்மனைக் கூப்பிட்டாளா, அம்மன் பெயர் வைத்த பிள்ளையைக் கூப்பிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மில்லிலிருந்து வந்தால் கிழக்குத் தெருதான் முதலில் வரும். தலைவாசலைத் தாண்டித்தான் சந்துவழியாகக் கொல்லைப்பக்கம் போக வேண்டும். அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்தாள்.

தலைவாசல் பூட்டியிருந்தது. எப்போதும்போலப் பூட்டியிருந்தது. கை அகலப் பூட்டு, துரு ஏறி, சிலந்தி வலை கட்டி, தொட்டவர்கள் இல்லாத பூட்டு. படிகள் காய்ந்து கிடந்தன. ஒரு ஆடு மட்டும் மழைக்கு ஒதுங்கிப் படியில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

வீரலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். அழுகையும் வந்தது. என்ன பைத்தியக்காரத்தனம்! பட்டப்படிப்பு படித்தவள், ஒரு கிறுக்குப் பயல் எழுதி வைத்த விளையாட்டுக்கு வெறுங்காலோடு ஊரைச் சுற்றி ஓடி வந்திருக்கிறாள். நாளைக்கு சுந்தரத்தை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தாள். நடக்கத்தான் செய்தாள், ஓடவில்லை.

கொல்லைத் தெருவில் குழாயடியில் சோணையம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீகளா? இப்பத்தேன் தண்ணி விட்டான், ஒரு கொடம் பிடிச்சிருவோம்னு வந்தேன். புள்ள சமத்தா எழுதிக்கிட்டு இருக்கு."

"யாரும் வந்தாகளா சோணையம்மா?"

"யாரும் வரலையே" என்றாள் சோணையம்மாள். பிறகு குடத்தைச் சரிசெய்துகொண்டே, "ஆனா உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. நீங்கதேன் அங்குட்டு வழியாக் கூடி வந்துட்டீகளோன்னு நெனச்சேன்" என்றாள்.

"எங்குட்டுக் கூடி?"

சோணையம்மாள் பதில் சொல்வதற்குள் வீரலட்சுமி உள்ளே இருந்தாள்.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. தரையில் சிலேட்டு. அதில் பாதி எழுதிய ஓர் எழுத்து. பக்கத்தில் குச்சி. பிள்ளை இல்லை.

தகரப்பெட்டி சுவரோரம் தள்ளியிருந்தது. அவளும் ஆசைத்தம்பியுமாக மூச்சுப் பிடித்து இழுத்து வைத்த பெட்டி. தரையில் அது நகர்ந்த கீறல்கூட இல்லை.

நடுக்கதவு திறந்திருந்தது.

வாடை முகத்தில் அடித்தது. கதவுக்கு அப்பால் நடுக்கட்டின் வளவு. அதற்கு அப்பால் இன்னொரு கதவு, திறந்திருந்தது. அதற்கு அப்பால் முன்கட்டு. தூண்கள். அடுத்த கதவு. அடுத்தது. எல்லாம் ஒரே நேர்கோட்டில், ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் கையகலத்துக்கு ஒரு வெளிச்சம். கிழக்குத் தெரு. அந்தத் தெருவின் ஈரம்கூட மினுங்கியது. தலைவாசல் விரியத் திறந்து கிடந்தது. பூட்டியதைப் பார்த்துவிட்டுத்தானே வந்தாள்? இப்போதுதானே பார்த்தாள்?

அந்த வீட்டின் முழு நீளத்தையும் அன்றுதான் அவள் பார்த்தாள்.

ஒவ்வொரு கதவு நிலையிலும் ஒருத்தி நின்றாள். எல்லோருக்கும் தலை நனைந்திருந்தது. வடக்கிலும் தெற்கிலும் பூட்டிக் கிடந்த அறைகளுக்கும் இப்போது பூட்டு இல்லை, அங்கும் நின்றார்கள்.  தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும், டக், டக், டக் என்று, தாளில் எழுத்து விழுவதுபோல.

நடுக்கட்டில், எல்லோருக்கும் முன்னால், கண்ணாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். பாவாடை நனையவில்லை. முகத்தில் ஒரு பெருமை. அவள் கையை ஒருத்தி பிடித்திருந்தாள்.

"அம்மா, நான் கேட்டேன்மா" என்றாள் பிள்ளை. "வாங்கன்னு கேட்டேன். இன்னும் நெறையப் பேரு வெளிய நிக்கிறாக, ஒவ்வொருத்தரா கேளுன்னு இவுக சொன்னாக. எல்லாரையும் கேட்டேன். யாரு வந்தாலும் கேக்கணும்ல?"

"ஆமாடி கண்ணு." வீரலட்சுமி நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கையை நீட்டினாள். "போதும். இங்குட்டு வா. அம்மாகிட்ட வா."

பிள்ளை ஓர் அடி எடுத்து வைத்தாள். கையைப் பிடித்திருந்தவள் விடவில்லை. குனிந்தாள். பிள்ளையின் காதில் என்னவோ சொன்னாள். நனைந்த முடி பிள்ளையின் முகத்தை மூடியது. அவள் நிமிர்ந்தபோது அந்தப் பெருமை பிள்ளையின் முகத்தில் இல்லை. முன்பின் தெரியாத ஓர் ஆளைப் பார்க்கிற மாதிரி, மரியாதையாக, கண்ணாத்தாள் தன் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

தூரத்தில் தலைவாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அடுத்து அதற்கு உள்ளே இருந்த கதவு. வெளிச்சம் ஒவ்வொரு கட்டாகப் பின்வாங்கி வந்தது.

கண்ணாத்தாள் இரண்டு கையையும் கூப்பினாள். சொல்லிக் கொடுத்தது மாதிரியே.

"வாங்க" என்றாள் பிள்ளை. "உள்ள வாங்க."

வரிசையாக நின்ற அத்தனை பேரும், நிலைப்படிக்கு வெளியே இருந்த வீரலட்சுமியின் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.